முதல் முறை ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குடியை விட நினைக்கிறவர்களும் அவர்கள் வீட்டாரும் போனிலும் நேரிலும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் குடிநோயாளிதான். தமிழ்நாட்டில் ஒரு ஏ.ஏ. குழுவில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். ஏ.ஏ. சார்பில் பேசும் உரிமை எனக்கு இல்லை, அங்கே யாருக்குமே இல்லை. ஒரு உறுப்பினராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஏ.ஏ. என்றால் என்ன? யார் நடத்துகிறார்கள்?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம்தான் ஏ.ஏ. குடியை நிறுத்த முடியாமல் தவித்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து தங்களுக்கு நடந்ததைப் பேசி, ஒருவர் துணையில் ஒருவர் குடிக்காமல் இருக்கும் இடம். டாக்டர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது, வார்டன் கிடையாது. இந்த மாதம் கூட்டத்தை நடத்துகிறவர் அடுத்த மாதம் நாற்காலி எடுத்துப் போடுவார், டீ ஊற்றுவார்.

இது தொடங்கிய கதையைத் தெரிந்துகொண்டால் மற்ற எல்லாமே எளிதாகப் புரியும். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரம். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழில் செய்த பில் வில்சன் ஒரு வியாபார வேலையாக அங்கே வந்து, அது கைகூடாமல், ஓட்டல் முகப்பில் தனியாக நின்றிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைக்காவிட்டால் தான் குடித்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டெலிபோனை எடுத்தார். அப்படித் தேடிக் கிடைத்தவர்தான் அந்த ஊர் அறுவைச் சிகிச்சை நிபுணர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லி வந்த டாக்டர் பாப், பல மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்தது அந்த வருடம் ஜூன் 10. அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது, டெல்லியில் தொடங்கியது.

பில் அன்று போன் செய்தது டாக்டரைக் காப்பாற்ற இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. கூட்டத்துக்குள் நுழையும் புதியவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நீங்கள் யாருக்கும் பாரமாக வரவில்லை. அங்கே பத்து வருடம், இருபது வருடம் குடிக்காமல் இருக்கிறவருக்கு நீங்கள் தேவைப்படுகிறீர்கள்.

நான் குடிநோயாளிதானா என்றே தெரியவில்லை. மாலை போட்டால் 48 நாள் தொடுவதே இல்லையே?

இதையே நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுவிட்டால் டாஸ்மாக் பக்கம் திரும்ப மாட்டேன். சபரிமலை போய் வந்து, மாலையைக் கழற்றிய அன்று ராத்திரியே விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன். இரண்டு மாதக் கடனை ஒரே வாரத்தில் அடைப்பதுபோல இருக்கும். நிறுத்துவது என்னால் முடிந்தது. தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்துவதும், நிறுத்திய பிறகு தொடங்காமல் இருப்பதும்தான் முடியவில்லை.

உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒரு கட்டிங்கோடு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்து, கடை மூடும் வரை உட்கார்ந்திருக்கிறீர்களா? முன்பு குவார்ட்டரில் கிடைத்த போதைக்கு இப்போது ஆஃப் தேவைப்படுகிறதா? காலையில் கை நடுங்குகிறதா? அந்த நடுக்கம் நிற்க மறுபடி கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கிறதா? வேலை, வீடு, உடம்பு எல்லாம் கெடுவது தெரிந்தும் தொடர்கிறீர்களா? டாக்டர்களும் ஏறக்குறைய இவற்றைத்தான் பார்க்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய்ப் பட்டியல் இப்படி ஆறு அடையாளங்களைச் சொல்கிறது. ஒரு வருடத்துக்குள் அவற்றில் மூன்று சேர்ந்து இருந்தால் அது குடிக்கு அடிமைப்பட்ட நிலை.

ஆனால் கூட்டத்துக்கு வர இந்தக் கணக்கெல்லாம் போட்டு முடித்திருக்க வேண்டியதில்லை. 'குடியை நிறுத்த வேண்டும்' என்ற ஆசை இருந்தால் போதும், வேறு தகுதி கிடையாது. குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஏ.ஏ. வைத்திருக்கும் 12 நெறிகளை மரபுகள் என்போம், அதில் மூன்றாவது மரபே அதுதான். அந்த ஆசை அரைமனதாக இருந்தாலும் வாருங்கள்.

முதலில் குடியை நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். நான் முதல் நாள் போனபோது உள்ளே ஒரு குவார்ட்டர் இருந்தது. வாசலைத் தாண்டித் தாண்டி மூன்று முறை நடந்தேன். கடைசியில் உள்ளே இருந்த ஒருவர் வெளியே வந்து "வாங்க தம்பி, டீ ஆறுது" என்றார். வாடை அடித்திருக்கும். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்தால் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள். ரகளை செய்தால் மட்டும் வெளியே அழைத்துப் போவார்கள்.

அதோடு, தயவுசெய்து கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று. தினமும் நிறையக் குடிக்கிறவர், அதிலும் காலையிலேயே குடிக்கிறவர், வீட்டில் வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நினைவு குழம்பும். இல்லாத பூச்சி சுவரில் ஊரும், யாரோ கூப்பிடும் குரல் கேட்கும், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்குத் தூக்கிப் போவார்கள். அது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. பழகிய மது திடீரென்று நின்றதால் மூளை படும் பாடு. உயிரே போகலாம். உடனே 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இது மருந்தில் அடங்கும் விஷயம். சில நாள் மருத்துவமனையில் வைத்து, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மாத்திரை கொடுத்து, தயமின் எனும் பி1 வைட்டமின் ஊசி போட்டு நிதானப்படுத்திவிடுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. உடம்பிலிருந்து குடியை இறக்குவது மருத்துவமனை வேலை. இறங்கிய பிறகு வரும் ஐந்தாம் நாள், ஐம்பதாம் நாள், ஐந்நூறாம் நாள் இருக்கிறதே, அதற்குத்தான் கூட்டம்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்டு வைத்து, மைக் கட்டி நடத்தும் கூட்டம் இல்லை என்பதால் இந்தக் கேள்வி வருவது நியாயம்தான். பெரும்பாலும் சர்ச் வளாகத்தில் ஒரு அறை, பள்ளிக்கூட வகுப்பறை, மருத்துவமனையின் மாடி, சமூகக் கூடம் என்று இரவல் இடங்களில், சாயங்காலம் ஆறரை, ஏழு மணிக்கு மேல் நடக்கும். எங்கள் குழு ரொம்ப நாள் ஒரு தொடக்கப் பள்ளியில் கூடியது. ஐம்பது வயது ஆட்கள் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து அழுததை அங்கே பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் 'ஏ.ஏ. இந்தியா' என்று தேடினால் அதன் தளம் கிடைக்கும். இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. தளத்தில் ஊர்வாரியாகத் தொடர்பு எண்கள் இருக்கும். ஆனால் பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறாதீர்கள். இரவல் இடம் என்பதால் தேர்வு, திருவிழா, பழுது வேலை என்று இடமும் நாளும் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்பும் முன் ஒரு போன் செய்து, 'இன்று கூட்டம் உண்டா, எந்த கேட் வழியாக வர வேண்டும்' என்று கேட்டுவிடுங்கள். பகலில் எடுக்கவில்லையென்றால் சாயங்காலம் கூப்பிடுங்கள். எடுக்கிறவரும் வேலைக்குப் போகிறவர்தான், அலுவலகத்தில் அவரால் இதைப் பேச முடியாமல் இருக்கலாம். நீங்கள் யார், எந்த ஊர் என்று சொல்லக்கூட வேண்டாம். "கூட்டத்துக்கு வரணும்" என்றாலே போதும். பல ஊர்களில் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிப் போவார்கள்.

போன் செய்யக் கூச்சமாக இருந்தால் வேறு வழிகளும் உண்டு. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை எடுத்த மருத்துவமனையிலேயே கேட்கலாம். பல மருத்துவமனைகளுக்கு ஏ.ஏ. உறுப்பினர்கள் வாரம் ஒரு நாள் போய் நோயாளிகளோடு பேசுகிறார்கள். சென்னையில் சிகிச்சை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டி.டி.கே. மருத்துவமனை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. அந்தப் பணிக்காக 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்கிறார்களே?

மூடிய கூட்டத்துக்குக் குடியை விட விரும்புகிறவர் மட்டும் வரலாம். திறந்த கூட்டத்துக்கு மனைவி, அம்மா, டாக்டர், மாணவர் யார் வேண்டுமானாலும் வரலாம். வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்து வருவதாக இருந்தால் போனிலேயே எந்தக் கூட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் என்ன நடக்கும்?

யாராவது ஒருவர் எழுந்து வந்து கை கொடுப்பார். டீ கொடுப்பார்கள். கை நடுங்கினால் அரை டம்ளர்தான் ஊற்றிக் கொடுப்பார்கள், அந்தக் கஷ்டம் அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்புறம் ஒரு நிமிட மௌனம், இன்னும் குடியில் தவித்துக்கொண்டிருக்கிறவர்களை நினைத்து. பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு சிறு பிரார்த்தனை சொல்வார்கள். மாற்ற முடியாததை ஏற்றுக்கொள்ள அமைதியும், மாற்ற முடிந்ததை மாற்றத் துணிவும், இரண்டையும் பிரித்தறிய அறிவும் கேட்கிற பிரார்த்தனை. ஏ.ஏ. என்றால் என்ன என்பதையும், குடியிலிருந்து மீள உறுப்பினர்கள் ஒவ்வொன்றாகக் கடைப்பிடிக்கும் 12 படிகளையும் ஒருவர் வாசிப்பார்.

பிறகுதான் கூட்டத்தின் உயிரான பகுதி. ஒருவர் எழுந்து, தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவார். முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி இருக்கிறேன் என்று ஐந்து, பத்து நிமிடம் பேசுவார். இதைப் பகிர்வு என்போம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட மாட்டார். முடித்த பிறகும் "நீ செய்தது தப்பு" என்று யாரும் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், புத்திமதியும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் தன் கதையை மட்டுமே பேசுவார்கள்.

என் முதல் நாளில் ஒரு லாரி டிரைவர் பேசினார். மகளின் காது குத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் குடித்ததையும், மறுநாள் சொந்தக்காரர்கள் முன்னால் நின்றதையும் சொன்னார். நான் செய்தது வேறு, ஆனால் அந்த மறுநாள் காலை எனக்கு அப்படியே தெரியும். என் மனைவிக்கும் டாக்டருக்கும் என்மேல் இல்லாத அக்கறையா அவருக்கு இருந்துவிடப் போகிறது? இல்லை. ஆனால் அவருக்கு அந்தக் காலை தெரியும். உலகத்திலேயே நான் ஒருவன்தான் இப்படி என்று பன்னிரண்டு வருடம் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது போனது.

கடைசியில் அறிவிப்புகள். குடிக்காமல் ஒரு வருடம் முடித்தவர் இருந்தால் அன்று அவருக்குப் 'பிறந்தநாள்'. கேக் வெட்டி ஒரு மெடல் கொடுப்பார்கள். சில குழுக்களில் 24 மணி நேரம், 30 நாள், 90 நாள் முடித்தவர்களுக்கும் அடையாளமாக நாணயம் போன்ற ஒரு வில்லை கொடுப்பார்கள். மொத்தம் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

நான் பேசியே ஆக வேண்டுமா?

இல்லை. "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். ஒரு மாதம் வாயே திறக்காமல் வந்தவர்கள் உண்டு. கையெழுத்து, ஆதார், விண்ணப்பம், வருகைப் பதிவு எதுவும் கிடையாது. பெயரைக்கூட மாற்றிச் சொல்லலாம், யாரும் சரிபார்க்க மாட்டார்கள்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? ஊரெல்லாம் தெரிந்துவிடாதா?

உள்ளே தெரிந்தவர் இருந்தால் அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். இங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பது இங்கேயே இருக்க வேண்டும் என்பது எல்லோரும் காக்கும் வழக்கம். 'அனானிமஸ்' என்ற சொல்லே அதற்குத்தான். பல குழுக்களில் ஜாதிப் பெயரும் தெரியாது, என்ன வேலை என்றும் தெரியாது. ஆனாலும் மனிதர்கள் கூடும் இடம். எழுதி வாங்கிய உத்தரவாதம் கிடையாது. சட்டப் பிரச்சினை போன்ற மிக அந்தரங்கமானதைக் கூட்டத்தில் பேசாமல், நம்பிக்கையான ஒருவரிடம் தனியாகப் பேசுவதே நல்லது.

ஒன்று கேட்கிறேன். தெருவில் விழுந்து கிடந்தபோது எத்தனை பேர் பார்த்தார்கள்? அப்போது ஊருக்குத் தெரியாததா இனிமேல் புதிதாகத் தெரியப்போகிறது? இதைச் சொல்லிக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. நானே விழுந்து கிடந்தவன். குடித்ததை ஒளிக்க நான் பட்ட பாட்டில் கால்வாசிகூடக் கூட்டத்துக்குப் போவதை ஒளிக்கத் தேவைப்படவில்லை.

எவ்வளவு பணம் கட்ட வேண்டும்?

ஒன்றும் இல்லை. கூட்ட முடிவில் ஒரு பையோ டப்பாவோ சுற்றி வரும். உறுப்பினர்கள் பத்து, இருபது போடுவார்கள். அறை வாடகை, டீத்தூள், புத்தகம் எல்லாம் அதிலிருந்துதான். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, அரசிடமும் வாங்குவதில்லை. முதல் முறை வருகிறவர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். ஏ.ஏ. பெயரைச் சொல்லி யாராவது ஆயிரக்கணக்கில் பணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. சர்ச்சில் நடக்கிறதே, மதம் மாற்றுவார்களா?

சர்ச்சில் நடப்பதற்குக் காரணம் அவர்கள் குறைந்த வாடகைக்கு இடம் கொடுப்பதுதான். எங்கள் குழுவில் திருநீறு பூசியவரும் தொழுகை முடித்துத் தொப்பியோடு வருகிறவரும் கருப்புச் சட்டைக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனாலும் உங்கள் சங்கடம் பொய்யில்லை. 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, 'அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்ற விளக்கத்தோடு. எங்கள் கருப்புச் சட்டைக்காரர் சொல்வது இது: "என்னைவிடப் பெரிய சக்தி எனக்கு இந்தக் கூட்டம்தான். நான் தனியா நின்னப்ப தோத்தேன், இவங்களோட உக்காந்தப்ப ஜெயிச்சேன்." அவர் அப்படியே பல வருடம் குடிக்காமல் இருக்கிறார். அதுவும் ஒத்துவரவில்லையென்றால் 1994-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு உண்டு. கடவுள் பேச்சே இல்லாமல், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பயிற்சிகளோடு ஆன்லைனில் கூட்டம் நடத்துகிறார்கள். அங்கே பெரும்பாலும் ஆங்கிலம்தான். குடி நின்றால் எந்த வாசல் வழியாக நின்றாலும் எனக்குச் சந்தோஷம்.

நான் பெண். அங்கே எல்லாம் ஆண்கள்தானே?

ஆமாம், பெரும்பாலும் ஆண்கள்தான். 2019-ல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் வெளியிட்ட ஆய்வில், குடிக்கும் பதினேழு ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு வந்தது. அந்த ஒரு பெண்ணுக்கு வெட்கமும் பழிச்சொல்லும் பதினேழு மடங்கு. போனிலேயே "நான் பெண், வேறு பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்களா" என்று கேளுங்கள். இருந்தால் அவர்களில் ஒருவரையே பேசச் சொல்வார்கள். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் ஆன்லைனில் நடக்கின்றன, முகம் காட்டாமலே சேரலாம். நேரில் போனால் முதல் சில நாள் தங்கையோ தோழியோ திறந்த கூட்டத்துக்குத் துணையாக வரட்டும். அங்கே எந்த ஆணாவது அளவுக்கு மீறி நெருங்கினால், எண் கேட்டுத் தொல்லை செய்தால், பொறுத்துப்போக வேண்டியதில்லை. கூட்டத்தை நடத்துகிறவரிடம் உடனே சொல்லுங்கள், தேவைப்பட்டால் குழுவையே மாற்றிக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்கிறார். நான் என்ன செய்வது?

அக்கா, முதலில் நீங்கள் போங்கள். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1951-ல் அதை அமைத்தார். உங்கள் வீட்டுக்காரர் குடித்தாலும் நிறுத்தினாலும் நீங்கள் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அதற்கான கூட்டம் அது. இந்தக் குடியை நீங்கள் உண்டாக்கவில்லை, உங்களால் அடக்கவும் முடியாது என்று அங்கே சொல்வார்கள். "நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியார் வீட்டில் கேட்டே பழகிய காதுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மற்றபடி, போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. காலையில் தெளிந்து, உடம்பு முடியாமல், தானே வெறுத்துப்போய் உட்கார்ந்திருக்கும் நேரம் ஒன்று வரும். அப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும்: "ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு வாங்க, பிடிக்கலன்னா விட்டுடலாம்." ஏ.ஏ. உறுப்பினர் ஒருவரை வீட்டுக்கு அழைத்துப் பேசவும் வைக்கலாம், கேட்டால் வருவார்கள். குழந்தை தலையில் கை வைத்துச் சத்தியம் மட்டும் வாங்காதீர்கள். நான் என் பையன் தலையில் மூன்று முறை கை வைத்திருக்கிறேன். அது குடியை நிறுத்தவில்லை, குற்ற உணர்ச்சியைக் கூட்டி இன்னும் குடிக்க வைத்தது.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கிற மருந்தை வாங்கவே வாங்காதீர்கள். விளம்பரங்கள் நிறைய வருகின்றன. டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். டாக்டர் சொல்லி, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு எடுத்தால் அது நல்ல மருந்து. தெரியாமல் கொடுத்தால் ஆளையே கொன்றுவிடலாம்.

அடியாட்களை அனுப்பி வேனில் தூக்கிப்போகும் 'மறுவாழ்வு இல்லங்கள்' வேண்டாம். அப்படி ஒரு இடத்தில் என்னை ஒரு மாதம் அடைத்து வைத்திருந்தார்கள். அடி வாங்கினேன், வெளியே வந்த அன்றே குடித்தேன். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இத்தகைய இடங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், டாக்டர் தினம் வருகிறாரா என்று கேளுங்கள், நினைத்த நேரத்தில் வந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள்.

எங்கள் ஊரில் கூட்டமே இல்லை.

2020 ஊரடங்குக்குப் பிறகு ஜூமில் தினமும் கூட்டம் நடக்கிறது, தமிழிலும் உண்டு. துபாய், சிங்கப்பூரில் வேலை செய்கிற நம்மவர்களும் வருகிறார்கள். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம். ஆனால் முடிந்தால் மாதம் ஒருமுறையாவது பக்கத்து டவுனுக்குப் பஸ் ஏறுங்கள். கை கொடுக்கிற ஒரு மனிதர் திரையில் கிடைக்க மாட்டார். ஊரில் குடியை விட நினைக்கும் இன்னொருவர் கிடைத்துவிட்டால் நீங்கள் இருவரே ஒரு கூட்டம்தான். அக்ரனிலும் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

டாக்டரிடம் மருந்து சாப்பிடுகிறேன். கூட்டத்துக்கும் வரலாமா?

வாருங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். "கூட்டம் போதும், மாத்திரை எதற்கு" என்று ஆர்வக்கோளாறில் சொல்லும் உறுப்பினர்கள் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம், மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் முடிவு. டைசல்ஃபிராம் எடுக்கிறவர்கள் அரிஷ்டம், சில இருமல் சிரப்புகளைத் தொடும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அவற்றிலும் ஆல்கஹால் இருக்கிறது.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை சும்மா பேசிக் கலைவதுதானா?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ. கூட்டத்துக்கு முறையாக வழிப்படுத்தும் சிகிச்சை பெற்றவர்களில், தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட அதிகமாக இருந்தார்கள். செலவும் குறைவு. எல்லோருக்கும் பலித்துவிடாது. வந்து போனவர்களில் சிலரின் இறுதி ஊர்வலத்தில் நான் நடந்திருக்கிறேன்.

ஆனால் எய்ம்ஸ் ஆய்வின் இன்னொரு எண்ணையும் பாருங்கள். குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேர் எங்கேயும் போகவில்லை. பலன் உண்டா இல்லையா என்று பார்க்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஸ்பான்சர் என்றால் யார்?

பணம் கொடுப்பவர் இல்லை. உங்களுக்கு முன்னால் அதே வழியில் நடந்தவர், படிகளைக் கைபிடித்துச் சொல்லிக் கொடுப்பவர், ராத்திரி பதினோரு மணிக்குக் குடிக்கத் தோன்றினால் போன் செய்ய ஒரு ஆள். அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சில வாரம் கேளுங்கள், யார் பேச்சு உங்கள் கதைபோல இருக்கிறதோ அவரிடம் போய்க் கேளுங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம்.

போய்ப் பார்த்தேன், பிடிக்கவில்லை.

குழுவுக்குக் குழு வித்தியாசம் இருக்கும். ஒரு குழுவில் ஒரே ஆள் அரை மணி நேரம் பேசுவார், இன்னொன்றில் சிரிப்பும் அழுகையுமாக இருக்கும். ஒன்றை வைத்து முடிவு கட்டாமல், நான்கைந்து கூட்டம், முடிந்தால் இரண்டு மூன்று குழு பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எத்தனை நாள் போக வேண்டும்?

தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். சின்ன ஊரில் அது நடக்காது. கிடைக்கிற எல்லாக் கூட்டத்துக்கும் போங்கள், மற்ற நாளில் போன் செய்யுங்கள். வாழ்நாள் முழுக்கவா என்று இப்போதே கணக்குப் போட வேண்டாம். நாங்கள் இன்று மட்டும் என்றுதான் வாழ்கிறோம்.

மூன்று மாதம் இருந்து மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

அதே முகத்தோடு. நானும் ஏழாவது மாதம் குடித்தேன், அக்கா மகன் கல்யாணத்தில். இரண்டு வாரம் கூட்டம் நடக்கும் தெருவையே தவிர்த்தேன். கடைசியில் போய் நின்றபோது, முதல் நாள் டீ கொடுத்த அதே மனிதர் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்று நான் பேசினேன். எப்படி ஆரம்பித்தது, முதல் கிளாஸுக்கு முந்தின மூன்று நாள் என்ன நினைத்தேன் என்று எல்லாம் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் எட்டு வருடம் குடிக்காத ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வாரம் தன் வீட்டிலும் கல்யாணம், நல்லவேளை இன்று வந்தேன் என்றார். குடித்த நாளை ஒளிக்காதீர்கள். எத்தனை முறை ஆனாலும் கதவு திறந்துதான் இருக்கும். ஆனால் நிறையக் குடித்திருந்தால் முதலில் டாக்டர், பிறகு கூட்டம்.

முதல் கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்ன செய்வது?

டாஸ்மாக் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும். கூட்டம் எட்டு, எட்டரைக்கு முடிந்துவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். கையில் பஸ்ஸுக்கு வேண்டிய காசு மட்டும் இருக்கட்டும், ஜிபே இருக்கிற போனை முடிந்தால் வீட்டில் கொடுத்துவிட்டு வேறு போன் எடுத்து வாருங்கள். கடை இல்லாத தெரு வழியாகச் சுற்றிப் போங்கள். வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம், பசி வந்தால் குடி நினைவும் சேர்ந்து வரும். இரண்டு இட்லி சாப்பிடுங்கள், இனிப்பு ஏதாவது வாயில் போடுங்கள். அங்கே ஒரு சீட்டில் நாலைந்து போன் எண்கள் எழுதிக் கொடுத்திருப்பார்கள். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதில் ஒரு எண்ணுக்குப் போன் போட்டு "வீட்டுக்கு வந்துட்டேன்" என்று சொல்லுங்கள். எந்த நேரமானாலும் பரவாயில்லை, அந்தப் பக்கம் ஒருவர் அந்தப் போனுக்காகத் தூங்காமல் இருப்பார்.